ஒலிவாங்கிக்கு ஓர் இடம்

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் தமிழ் அன்பர்களுக்கு வானொலியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. டில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ நாள் முழுதும் பிறமொழி பேசிக் களைத்து வீடு திரும்பும் ஒருவர், இரவில் விசையைத் திருப்பித் தமிழ்க் குரல் ஒன்றைக் கேட்டதும் அடையும் ஆறுதல் அவருக்குத்தான் தெரியும். பேசியவர் யார் என்று நாம் கேட்பதுண்டு. பேசிய பொருள் யாது என்றும் கேட்பதுண்டு. ஆனால், அக்குரலை முதன்முதலில் வாங்கிக்கொண்ட கருவி எதன்மீது நின்றது, வாய்க்கு எவ்வளவு தூரத்தில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. நாமும் நெடுநாள் கேட்டதில்லை. கேளாத குற்றத்திற்கு ஒருமுறை விலை கொடுக்க நேர்ந்தது. அந்தக் கதையையும், அதனை முன்னிட்டு நாம் அறிந்துகொண்ட ஒலிவாங்கியின் வரலாற்றையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாம் இருப்பது அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில். போர்ட் பிளேர் என்று அனைவரும் அறிந்த இந்நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பணியில் மாற்றலாகி இங்கே வந்தோம். பகலெல்லாம் ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழியில் எழுதும் வேலை. அலுவல் முடிந்த பிறகு, எழுத்தில் ஏறாத பேச்சின்மேல் நம் மனம் சென்றது. இத்தீவுகளில் தமிழர் பல வழிகளில் வந்து சேர்ந்தவர்கள். வாணிகத்துக்கும் உழைப்புக்கும் கப்பலேறி வந்தோர் ஒரு சாரார். பர்மாவிலிருந்து பெயர்ந்து வந்தோர் ஒரு சாரார். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, இலங்கையின் மலைத்தோட்டங்களை விட்டு வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோர் மற்றொரு சாரார். இவர்களுள் முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது நம் ஆசை.

நமக்குக் கிடைத்த வீடு பழைய மரவீடு. தரையும் பலகை, சுவரும் பலகை, கூரை தகரம். அதில் ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள சாமான் அறையைக் காலிசெய்து, சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒரு சிறு மேசையைப் போட்டோம். மேசைமேல் குட்டையான ஒரு தாங்கியில் மைக்கைப் பொருத்தி வைத்தோம். பதிவு அறை ஆயத்தமாகிவிட்டதென்று மகிழ்ந்தோம். கச்சாலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டியை முதன்முதலில் அழைத்து வந்தோம். அந்த அம்மையார் சிறுபெண்ணாக மலைநாட்டில் கொழுந்து கிள்ளியவர். கச்சாலில் ரப்பர்ப்பால் எடுத்தவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர். கருவியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்குக் காது எங்க இருக்கு?” என்று கேட்டார். நாம் சிரித்துக்கொண்டே கம்பிவலை மூடிய முகத்தைக் காட்டினோம்.

ஒரு மணி நேரம் பேசினார். பிறகு, மூன்று தலைமுறைக் குழந்தைகளைத் தூங்கவைத்த தாலாட்டு ஒன்றைப் பாடினார். பாடும்போது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல உள்ளங்கையால் மேசையை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். இரவில் பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த மெல்லிய தட்டல் ஒவ்வொன்றும் முரசடித்தாற்போல் விழுந்தது. பக்கத்து அறையில் பிள்ளைகள் நடந்த நடையும், மின்விசிறியின் அதிர்வும் தரை வழியாக ஏறி வந்திருந்தன. பாட்டியின் குரல் அவற்றினிடையே அங்கங்கே தலைகாட்டியது. மறுநாள் சென்று நிலைமையைச் சொன்னோம். “அதுக்கென்ன தம்பி, அடுத்த கப்பல்ல வரும்போது மறுபடி பாடுறேன்” என்றார். கச்சாலுக்குத் திரும்பிய அவர் அடுத்த கப்பலில் வரவில்லை. அவர் இறந்த செய்திதான் வந்தது.

பாட்டி கேட்ட கேள்விக்கு நாம் சொன்ன விடை தவறு என்பது பின்னரே விளங்கிற்று. ஒலிவாங்கியின் காது அதன் முகத்தில் மட்டும் இல்லை. அதன் உடம்பெல்லாம் காது. அது நிற்கும் காலும் காது. காற்றின் வழியே வரும் குரல் அதன் மென்தகட்டை அசைப்பதுபோலவே, மேசை வழியாகவும் தரை வழியாகவும் வரும் அதிர்வும் அதனை அசைக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மரத்தின் நார் ஓடும் திசையிலோ ஏறக்குறையப் பத்து மடங்கு விரைவாகச் செல்லும். ஆகவே மரவீட்டில் மேசைமேல் நிறுத்திய ஒலிவாங்கி, பேசுகிறவருடைய வாயைவிடக் கேட்கிறவர்களுடைய பாதங்களையே நன்கு கேட்கிறது.

இந்த உண்மையை இத்தீவின் ஆதிகுடிகள் பண்டே அறிந்திருந்தார்கள் என்பது வியப்புக்குரியது. அந்தமானியர் ஆட்டத்தில் தாளத்துக்கென்று ஒரு பலகை உண்டு. கேடயம் போன்ற வடிவில் மரத்தைச் சற்றே குழிவாகச் செதுக்கி, குழிந்த பக்கம் கீழாக இருக்கும்படி தரையில் வைத்து, ஆடலை நடத்துபவர் குதிகாலால் அதனை மிதித்து ஒலியெழுப்புவார். தோற்கருவியும் நரம்புக்கருவியும் இல்லாத அம்மக்களுக்கு அப்பலகையே பேரியம். 1880களில் இம்மக்களைப் பற்றி விரிவாக எழுதிய இ. எச். மேன் என்னும் அதிகாரி இதனைக் குறித்திருக்கிறார். எம். வி. போர்ட்மன் என்னும் மற்றோர் அதிகாரி 1888இல் அந்தமானியர் இசையைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். பலகை பாதத்தின் ஒலியைப் பெருக்கித் தரும் என்பது அவர்கள் ஆட்டத்துக்குத் துணையாயிற்று. அதே இயல்பு நம் பதிவுக்குப் பகையாயிற்று. நம் வீட்டுத் தரை முழுவதும் ஒரே தாளப்பலகை. அதன்மேல் நாம் ஒலிவாங்கியை நிறுத்தியிருந்தோம்.

இனி, உலகம் இப்பாடத்தைக் கற்ற விதத்தைக் காண்போம். முதலில் ஒலிவாங்கியே இல்லாத காலம். 1902 நவம்பரில், கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஓட்டல் அறையொன்றைப் பதிவகமாக மாற்றி, புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அங்கே குரலை வாங்கியது ஒரு புனல்குழாய். அதன் அகன்ற வாயினுள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். குறுகிய முனையில் உள்ள மென்தகடு அதிர்ந்து, ஊசி மெழுகில் கோடு கீறும். குழாய் தன் இடத்தை விட்டு அசையாது. பாடுகிறவர்தாம் அசைய வேண்டும். உச்ச சுரத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தும், தாழ்ந்த சுரத்தில் முன்னுக்கு நீட்டியும் அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிய வேண்டும். முடிவில் தம் பெயரையும் கூவ வேண்டும். கருவிக்கு ஏற்ற இடத்தைத் தேடுவதற்குப் பதிலாக, மனிதனைக் கருவிக்கு ஏற்ப நிறுத்திய காலம் அது.

புனல்குழாய் ஆண்டுகொண்டிருந்த அந்நாளிலேயே ஒலிவாங்கி வேறிடத்தில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1878இல் டேவிட் ஹியூஸ் என்பவர், கரித்துண்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்படி அமைத்து, அவற்றினூடே மின்சாரத்தைச் செலுத்தினார். சிறு அதிர்வும் மின்னோட்டத்தை மாற்றியது. இக்கருவியை அவர் ஒரு சிறு பலகைமேல் பொருத்தியிருந்தார். அப்பலகைமீது ஈ நடந்தால் அதன் காலடி கேட்கும் என்று காட்டி அக்காலத்தவரை அவர் மலைக்கச் செய்தார். மைக்ரோபோன் என்னும் பெயர் பரவியது அதன்பின்னரே. அது புகழ்பெற்றது மனிதன் குரலைக் கேட்டதனால் அன்று, ஈயின் நடையைக் கேட்டதனால் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதன் பிறவிக்குணம் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

1920களில் வானொலி நிலையங்கள் பல நாடுகளிலும் தோன்றின. நம் சென்னையிலும் 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அன்பர்களும் கூடி மாகாண ரேடியோ கிளப் ஒன்றை அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். 1925இல் இசைத்தட்டுப் பதிவிலும் மின்சார முறை புகுந்தது. புனல்குழாய் விடைபெற, ஒலிவாங்கி அரங்கேறிற்று. உடனே பழைய தொல்லையும் உடன் வந்தது. கரிமணிகள் நிறைந்த அக்கால ஒலிவாங்கி, மேசையை யாரேனும் இடித்தால் இரைந்தது. கதவைச் சாத்தினால் முழங்கியது. அதற்கு எந்திர வல்லுநர் கண்ட வழி எளிது. பெரியதோர் உலோக வளையத்தின் நடுவே ஒலிவாங்கியைச் சுருள்வில்களால் கட்டித் தொங்கவிட்டார்கள். சிலந்தி வலையின் நடுவில் அமர்ந்திருப்பதுபோல் அது அமர்ந்தது. தரையின் அதிர்வு காலில் ஏறும், வளையத்தை அடையும், சுருள்வில்லில் தேய்ந்து ஓயும். பழைய புகைப்படங்களில் தலைவர்கள் முன்னே வளையமும் வில்லுமாக ஒரு கருவி நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவ்வளையத்தை அழகுக்கு வைத்தார்கள் என்று நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம்.

அதன்பின் வந்தவை இன்னும் நுட்பமானவை. 1930களில் பரவிய நாடா ஒலிவாங்கியில், காந்தத்தின் நடுவே மிக மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தொங்கும். குரலை இனிமையாக வாங்கும்; ஆனால் பலத்த மூச்சுப் பட்டாலே நாடா நெளிந்துவிடும். முன்னும் பின்னும் கேட்டு இரு பக்கங்களையும் விட்டுவிடும் அதன் இயல்பினால், அதனை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பதே ஒரு கலையாயிற்று. வாயருகே கொண்டுபோனால் குரலின் கனம் மிகையாகக் கூடும் என்பதையும் அப்போது கண்டார்கள். 1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தொடங்கப் பெற்றபோது, ஒலிவாங்கியின் உயரம், தூரம், சாய்வு ஆகியவை தனித்தொழில் ஆகிவிட்டிருந்தன. 1963இல் இத்தீவுகளுக்கும் வானொலி நிலையம் வந்தது. நிலையத்துக்குப் பேசச் செல்பவர் நாற்காலியில் அமர்ந்தால் போதும். மற்றதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். அதனால்தான் நம்மைப் போன்றோர் ஒன்றும் கற்காமல் போனோம்.

பதிவுக்கூடம் வீட்டுக்குள் வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் என்னும் இருவர், மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கும் மென்படலம் கொண்ட ஒலிவாங்கியை உண்டாக்கினார்கள். மிகச் சிறியதாகவும் மலிவாகவும் அதனைச் செய்ய முடிந்தமையால், கேசட் பதிவுக் கருவியிலும் பின்னர்க் கைபேசியிலும் அது புகுந்தது. இன்று ஒலிவாங்கி இல்லாத வீடு இல்லை. ஆயினும் கருவி சிறுத்ததே தவிர அதன் குணம் மாறவில்லை. மேசைமேல் வைத்த கைபேசி இன்றும் மேசையின் அதிர்வையே முதலில் கேட்கிறது.

பாட்டியின் பதிவு பாழான பிறகு, நாம் சாமான் அறையைத் திருத்தியமைத்தோம். நேயர்களுள் எவருக்கேனும் பயன்படுமென்று அந்த முறையைச் சொல்கிறோம். முதலாவது, மேசைக்கும் ஒலிவாங்கிக்கும் இருந்த உறவை அறுத்தோம். கனமான அடியுடைய தனித் தாங்குகால் ஒன்றை வாங்கி, அதன் பாதங்களின் கீழ்த் தென்னைநார் மிதியடியை இரண்டாக மடித்துப் போட்டோம். இரண்டாவது, பூத்தையலுக்குப் பயன்படும் மரவளையம் ஒன்றைக் காலின் முனையில் இறுக்கி, பழைய சைக்கிள் டியூபை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, நான்கு புறமும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டோம். பட்டை மிக இறுகினால் அதிர்வு உள்ளே சென்றுவிடும். மிகத் தளர்ந்தால் கருவி தலை கவிழும். இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். நூறாண்டுக்கு முன்னைய வளையமும் வில்லுமே அது; சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர், அவ்வளவே. மூன்றாவது, மின்கம்பியையும் விறைப்பாக இழுக்காமல், ஒரு சுற்று தளரவிட்டுக் காலோடு கட்டினோம். கம்பி வழியாகவும் அதிர்வு ஏறும் என்பதை அனுபவத்தில் கண்டோம்.

அடுத்தது இடம். சிறு அறையின் நட்டநடுவில் நிறுத்தினால், எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி அங்கே ஒன்றுசேர்ந்து சில சுரங்களை வீங்கவும் சிலவற்றை மெலியவும் செய்யும். சுவரை ஒட்டினாலும், மூலையில் வைத்தாலும் குரல் பானைக்குள் பேசியதுபோல் கேட்கும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது நம் அறையில் இரண்டடி தள்ளி நிறுத்தியதும் குரல் தெளிந்தது. பேசுகிறவர் முதுகுப்புறம் கெட்டியான பஞ்சுமெத்தையைச் சாத்தினோம். மெல்லிய துணி மேலொலியை மட்டும் விழுங்கும், கீழொலியை விழுங்காது. வாய்க்கும் கருவிக்கும் இடையே ஒரு சாண் தூரம் போதும். நேர் எதிரே வைக்காமல், மூக்கின் உயரத்தில், சற்று ஒதுக்கி, வாயை நோக்கிச் சாய்த்து வைத்தால், பகரம் சொல்லும்போது வெடிக்கும் மூச்சுக்காற்று பக்கத்தே கழிந்துவிடும். குரல் மட்டும் வந்து சேரும். நாற்காலி கிறீச்சிடாததாக இருக்க வேண்டும். கையில் தாள் வேண்டியதில்லை.

இத்தனை செய்தும், அந்தமான் மழைக்கு மருந்து இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை தகரக் கூரையில் இறங்கும்போது எந்த ஒலிவாங்கியும் தோற்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களே பதிவுக்கு உரியவை. ஈரக்காற்றில் நுட்பமான மின்தேக்கி ஒலிவாங்கிகள் பொரிவதுபோல் இரையும். அவற்றை ஈரமுறிஞ்சும் மணிகளோடு பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். சுருள்கம்பி ஒலிவாங்கி அவ்வளவு நுட்பமில்லாததாயினும், இந்தக் காற்றுக்கு ஈடுகொடுக்கும்.

ஒரு குரலுக்காக இத்தனை பாடா என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு இத்தீவிலேயே நடந்த வரலாறு ஒன்று விடை சொல்லும். பேரந்தமானியர் எனப்படும் மக்கள் ஒருகாலத்தில் பத்துக் குலத்தவராய், தத்தமக்கென மொழி உடையவராய், சில ஆயிரம் பேராய் வாழ்ந்தார்கள். 1858இல் ஆங்கிலேயர் சிறைக்குடியேற்றம் நிறுவிய பின்னர், நோயும் மோதலும் அவர்களைக் குறைத்தன. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 பேர். 1961இல் 19 பேர். எஞ்சியோரை 1970ஆம் ஆண்டையொட்டி ஸ்டிரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். மேனும் போர்ட்மனும் எழுதியவை ஏட்டில் உள்ளன. அவர்கள் காலத்துக் குரலின் ஏற்ற இறக்கத்தை ஏடு எப்படித் தரும்?

டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்து மொழியியல் பேராசிரியை அன்விதா அப்பி, 2005ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் இம்மக்களிடையே தங்கி, எஞ்சிய சில முதியோரின் பேச்சையும் பாட்டையும் கதையையும் ஒலிப்பதிவு செய்தார். உடலுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு அம்மொழியின் சொற்கள் இயங்கும் தனித்தன்மையை அவர் எடுத்துக் காட்டினார். 2012இல் அகராதியும் வெளியிட்டார். அவருக்குப் பேசித் தந்தவர்களுள் ஒருவர் போவா என்னும் மூதாட்டி. போ மொழியைப் பேசியவர்களுள் கடைசியானவர் அவரே. அம்மொழியில் தம்முடன் உரையாட ஒருவருமின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2010 ஜனவரி 26ஆம் நாள், சுமார் 85 வயதில் காலமானார். சாரி மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ என்னும் அம்மையார் 2020 ஏப்ரலில் மறைந்தார். அவ்விரு மொழிகளும் இன்று யார் நாவிலும் இல்லை. பதிவில் மட்டும் இருக்கின்றன. அப்பதிவுகள் இல்லையெனில் போவா பாடிய பாட்டின் ஒலி எத்தகையது என்று இனி எவரும் அறிந்திருக்க முடியாது.

நம் தமிழ் அழியும் மொழியன்று. பல கோடிப் பேர் பேசுகிறார்கள். ஆயினும் தமிழுக்குள் பல குரல்கள் உள்ளன. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, நிக்கோபார்க் கடலோரத்தில் முதிர்ந்த தமிழ் ஒன்று உண்டு. பர்மாவின் நெல்வயலில் பழகி அந்தமான் காட்டோரத்தில் ஒலித்த தமிழ் ஒன்று உண்டு. தாராவியில் ஒரு தமிழ், கோலார் சுரங்கத்தைச் சூழ்ந்து ஒரு தமிழ், கொல்கத்தாவில் ஒரு தமிழ் வளர்ந்திருக்கின்றன. அவற்றைப் பேசிய முதல் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் அந்தந்த மாநிலத்து மொழியில் படிக்கிறார்கள். பாட்டியின் சொல்லில் பாதி அவர்களுக்கு விளங்குவதில்லை. அப்பாட்டியின் குரலைப் பதிந்து வைக்கும் கடமை வீட்டிலுள்ளவர்களுக்கே உரியது. வானொலி நிலையம் எல்லார் வீட்டுக்கும் வந்து பதிய இயலாது.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. துணிமணிகள் தொங்கும் ஓர் அறை, மேசையைத் தொடாத ஒரு தாங்குகால், ரப்பர்ப் பட்டையில் தொங்கும் ஒரு ஒலிவாங்கி, ஒரு சாண் தூரம், விசிறியை நிறுத்திய அரைமணி நேரம் ஆகியவை போதும். பேசத் தொடங்குமுன் ஒரு நிமிஷம் பதிந்து, உடனே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் அதைச் செய்யத் தவறினோம்.

திருத்திய அறையில் இதுவரை பல முதியோர் வந்து பேசியிருக்கிறார்கள். அவர்களுடைய பதிவுகள் தெளிவாக இருக்கின்றன. முதல் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். தட்டல் ஒலிகளுக்கிடையே அந்தத் தாலாட்டில் சில அடிகளே காதில் விழுகின்றன. எஞ்சியவற்றைக் கேட்டு நிரப்ப அந்த அம்மையார் இல்லை. நேயர்கள் தம் வீட்டுப் பெரியோரை, அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளாமல், இந்த வாரமே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை எங்கே நிறுத்துவது என்பதை அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.